கிராமச் சோப்புக்கு வேண்டுவது தராசு

சில மாதங்களுக்கு முன்னர் ஹைதராபாத் நகருக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். அவ்வூர் மகளிர் சுய உதவிக் குழுவினர் வேப்பெண்ணெயைக் கொண்டு குளியல் சோப்புச் செய்து, வாரச் சந்தையிலும் அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலும் விற்று வருகின்றனர். கட்டிகள் ஒரே அளவாக வெட்டப்பட்டு, மேலுறையிட்டு, ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. உறையின்மீது தெலுங்கில் "இயற்கைச் சோப்பு, இரசாயனம் கலவாதது" என்று அச்சிட்டிருந்தது. குழுவின் தலைவி செய்முறையை மிகுந்த ஊக்கத்தோடு விளக்கினார். ஆயினும் பேசும்போதெல்லாம் அவர் தம் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதைக் கவனித்தேன். "கையில் என்ன அம்மா?" என்று கேட்டபின்னரே காட்டினார். விரல்களின் தோல் தடித்துச் சிவந்து, மூட்டுகளில் வெடித்திருந்தது. "சோப்பு நல்லதுதான் சார். எங்கள் கைகளுக்குத்தான் இன்னும் பழகவில்லை" என்றார்.

அவர்கள் பின்பற்றிய செய்முறைத் தாளை வாங்கிப் படித்தேன். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் கொடுக்கப்பட்ட தாள் அது. ஒரு கிலோ எண்ணெய்க்கு 180 கிராம் காஸ்டிக் சோடா என அதில் கண்டிருந்தது. தேங்காய் எண்ணெய்க்கு அது சரியான கணக்கே. ஆனால் தேங்காய் எண்ணெய் விலையேறியதும் குழுவினர் வேப்பெண்ணெய்க்கு மாறிவிட்டனர். சோடாவின் அளவை மட்டும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவும் இல்லை. வேப்பெண்ணெய் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 138 கிராம் சோடா போதும். ஆகவே பத்துக் கிலோ எண்ணெயைச் சோப்பாக்கும் ஒவ்வொரு முறையும் 400 கிராமுக்கு மேற்பட்ட சோடா, சேர்வதற்கு எண்ணெய் கிடைக்காமல் கட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. கைகள் பழகாததன் காரணம் இதுவே.

கிராமச் சோப்புத் தொழிலைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. அது வளர வேண்டும் என்று விரும்புபவருள் நானும் ஒருவன். ஆனால் இந்நாளில் பள்ளிகளிலும் பயிற்சி முகாம்களிலும் இத்தொழில் கற்பிக்கப்படும் முறையில் ஒரு பெருங்குறை உள்ளது. 'இயற்கை' என்னும் சொல் தராசின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் நல்லதாயின் சோப்பும் நல்லதாகிவிடும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கள ஊழியர்களும் ஆசிரியர்களும் முதலில் களைய வேண்டியது இவ்வெண்ணத்தையே.

எந்தத் தாவர எண்ணெயும் கிளிசரினோடு கொழுப்பு அமிலங்கள் பிணைந்து நிற்கும் பொருளாகும். இவ்வுண்மையை ஆராய்ந்து நிலைநாட்டியவர் செவ்ரெல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். கொழுப்புகளைப் பற்றிய அவரது நூல் 1823-இல் வெளிவந்தது. எண்ணெயோடு காஸ்டிக் சோடாக் கரைசல் சேரும்போது அந்தப் பிணைப்பு அறுகிறது. கொழுப்பு அமிலங்கள் சோடாவோடு கூடிச் சோப்பாகின்றன, கிளிசரின் விடுபடுகிறது. கணக்குச் சரியாக இருந்தால் முடிவில் சோடா என்று ஒன்று தனித்து எஞ்சாது. ஆனால் சோடா இல்லாமல் சோப்பு இல்லை. இரசாயனம் கலவாத சோப்பு என்பது, உறை ஊற்றாத தயிர் என்பது போன்றதே.

எண்ணெய்க்கு எண்ணெய் சோடாவின் அளவு ஏன் மாறுகிறது என்று மாணவர் கேட்பர், கேட்க வேண்டும். ஒரு கிலோ மொச்சையில் உள்ள மணிகளைவிட ஒரு கிலோ துவரையில் மணிகள் மிகுதி. மணிக்கு ஒன்றாகச் சோடா கொடுக்க வேண்டுமானால் துவரைக்கே அதிகம் வேண்டும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி, பன்னிரண்டு கரி அணுக்களே கொண்ட லாரிக் அமிலம். வேம்பு, புங்கு, இலுப்பை, கடலை முதலியவற்றின் அமிலங்களிலோ பெரும்பாலும் பதினாறும் பதினெட்டும். ஆகவே கிலோ ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய் 183 கிராம் சோடாவை ஏற்கும். கடலை எண்ணெய் 135, புங்க எண்ணெய் 132, ஆமணக்கு எண்ணெய் 128 கிராம் அளவிலேயே நின்றுவிடும். இவை சராசரிக் கணக்குகள். வித்தின் நிலையையும் கலப்படத்தையும் பொறுத்து ஒவ்வொரு பீப்பாயும் சற்று வேறுபடும்.

நம் முன்னோர் சோடா இன்றியே சோப்புச் செய்தனர் என்று வாதிடுவோர் உளர். இங்கே இரண்டு பொருள்களை ஒன்றாக்கிக் குழப்புகின்றனர். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் சோப்பு அல்ல. அவற்றில் நுரைப்பது சப்போனின் என்னும் வேறு பொருள். ஹைதராபாத் வீடுகளில் பண்டிகை நாளன்று தலை முழுகுவதற்குக் குங்குடுக்காய் என்ற பெயரில் ஊறவைக்கப்படுவது நம் பூந்திக்கொட்டையே. காரமே வேண்டாம் என்போர் அதனை உபயோகிக்கலாம். கடின நீரிலும் அது நுரைக்கும். அதனை எவரும் காய்ச்சவும் வேண்டியதில்லை. ஆனால் நம் நாட்டில் எண்ணெயைக் கொண்டு உண்மையான சவுக்காரம் செய்த இடங்களிலெல்லாம் காரம் இருந்தே தீர்ந்தது. வண்ணார் துணி வெளுக்க வாரிவந்த உவர்மண்ணில் சோடா உப்பு உண்டு. தெலுங்கானாவில் அந்நிலத்தைச் 'சௌடு' என்பர்; தமிழில் நாம் சவுட்டு மண் என்கிறோம்; இரண்டும் ஒரே சொல். அம்மண்ணின் கரைசலோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் சுண்ணாம்பு அடியில் மாவாகப் படியும். மேலே தெளிந்து நிற்கும் நீர் காஸ்டிக் சோடாக் கரைசலே. இன்று மேட்டூரிலும் சாகுபுரத்திலும் உப்புநீரில் மின்சாரம் செலுத்தி எடுக்கப்படும் சோடாவுக்கும் அதற்கும் தன்மையில் வேறுபாடு இல்லை. தூய்மையிலும் வலிமையிலுமே வேறுபாடு.

பழைய முறையில் ஒரு காப்பு இருந்தது. உவர்மண் நீரின் வலிமை நாளுக்கு நாள் மாறும். அதை நிறுத்து அறிய வழியில்லை. எனவே சோப்புக் காய்ச்சுபவர் காரத்தைச் சற்று மிகுதியாகவே சேர்த்து, நெடுநேரம் கொதிக்கவைத்து, இறுதியில் உப்பை அள்ளிப் போடுவார். சோப்பு உப்புநீரில் கரையாமல் தயிர்போல் திரண்டு மேலே மிதக்கும். மிகுந்த காரமும் கிளிசரினும் அழுக்கும் அடிநீரோடு போய்விடும். தவறு நேர்ந்தாலும் கழுவிப் போக்கும் படி ஒன்று அம்முறையிலேயே அமைந்திருந்தது. பெரிய ஆலைகள் இன்றும் எஞ்சிய காரத்தை ஏதேனும் ஒரு வகையில் பிரித்தோ நடுநிலையாக்கியோதான் கட்டியை வார்க்கின்றன. கிளிசரினை அவை தனியே எடுத்து விற்கின்றன.

இன்று நாம் கிராமங்களில் கற்பிக்கும் குளிர்முறையிலோ கொதிப்பும் இல்லை, உப்பிடுதலும் இல்லை. எண்ணெயையும் சோடாக் கரைசலையும் கலந்து அச்சில் ஊற்றிவிடுகிறோம். ஆதலால் உள்ளே போனதெல்லாம் உள்ளேயே நிற்கிறது. எண்ணெயின் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கிளிசரின் கட்டியிலேயே தங்கி, தோலின் ஈரத்தைக் காக்கிறது. கைச் சோப்பின் உண்மையான சிறப்பு இதுவே. இதனைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம். ஆனால் கிளிசரினைக் காக்கும் அதே முறை மிகுந்த சோடாவையும் காக்கிறது. நன்மையும் தீமையும் ஒரே வாயிலில் நுழைகின்றன. பழைய தொழிலாளிக்குத் தராசு இல்லாமலே கூட நடந்தது, நமக்கு நடவாது. பழைமையின் பெயரைச் சொல்லிக்கொண்டு பழைமையின் காப்பை மட்டும் விட்டுவிட்டோம்.

ஹைதராபாத்திலிருந்து இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எண்ணெய்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்நகருக்கு ஒரு நீண்ட மரபு இருக்கிறது. ஹைதராபாத் அரசு 1944-இல் தொடங்கிய மத்திய ஆய்வுக்கூடம் 1956-இல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் கீழ் மண்டல ஆராய்ச்சிக்கூடமாயிற்று. 1989 முதல் இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிலையம் என வழங்குகிறது. எண்ணெய், கொழுப்பு ஆராய்ச்சி அதன் தலையாய பணிகளுள் ஒன்று. கே. டி. அச்சையா 1950 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கிருந்து பருத்தி விதை, ஆமணக்கு முதலியவற்றின் எண்ணெய்களை ஆராய்ந்தார். நம் நாட்டுச் செக்கைப் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். இராஜேந்திரநகரில் எண்ணெய் வித்து ஆராய்ச்சிக்கென 1977-இல் தனி இயக்ககம் ஏற்பட்டது. நகரின் தெற்கே மகபூப்நகர், நல்கொண்டா மாவட்டங்களின் மானாவாரி நிலங்கள் ஆமணக்குக்குப் பேர்போனவை. இத்தனை அறிவு ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்க, அடுத்த ஊரிலுள்ள பெண்கள் எண்ணெய்க்குரிய சோடாக் கணக்கை அறியாமல் கைகளைப் புண்ணாக்கிக்கொள்வது வருந்தத்தக்கது. ஆராய்ச்சிக்கூடத்தின் மேல் பழிபோட நான் முன்வரவில்லை. ஊர்தோறும் சென்று சோடா நிறுப்பது அதன் வேலையன்று. இடையில் இருக்க வேண்டியவர்கள் நாமே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. இரசாயனம் பயிலும் கல்லூரி மாணவர் எண்ணெயின் சோப்பாக்க எண்ணைக் காணும் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்கின்றனர். சாராயத்தில் கரைத்த பொட்டாஷில் எண்ணெயைக் கொதிக்கவைத்து, எஞ்சிய காரத்தை அமிலத்தால் அளந்து, கணக்கிட்டு, ஏட்டில் எழுதி, மதிப்பெண் பெற்று, குடுவையைக் கழுவி ஊற்றிவிடுகின்றனர். அப்பரிசோதனைக்குக் கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாக, அருகிலுள்ள குழு வாங்கியிருக்கும் பீப்பாயிலிருந்து 50 மில்லி எண்ணெயை எடுத்துக்கொள்ளட்டும். கிடைத்த எண்ணை 40-ஆல் பெருக்கி 56-ஆல் வகுத்தால் கிலோவுக்கு இத்தனை கிராம் காஸ்டிக் சோடா என்பது வந்துவிடும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குழுவிடம் கொடுக்கட்டும். மாணவனுக்குத் தன் விடை தவறினால் யாருடைய கை வேகும் என்பது தெரியும். அந்த ஆண்டு அவன் அளவுக்குழாயைக் கவனமாகப் படிப்பான். கள ஊழியர் செய்ய வேண்டியது, எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுபோய்ச் சீட்டைக் கொண்டுவருவதே. தமிழ்நாட்டிலும் தெலுங்கானாவிலும் இரசாயனத் துறை உள்ள கல்லூரி இல்லாத மாவட்டம் எது?

சீட்டு வந்தபின் செய்முறை எளிது. ஏழு கிலோ வேப்பெண்ணெயும் மூன்று கிலோ தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொள்வோம். வேப்பெண்ணெய் மட்டுமாயின் நுரை குறைவு. தேங்காய் எண்ணெய் அதனை ஈடுசெய்யும். கணக்கின்படி சோடா 966 கிராமும் 549 கிராமும் ஆக 1,515 கிராம். இதில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்து 1,440 கிராம் நிறுத்துக்கொண்டால் சிறிது எண்ணெய் மிஞ்சும், சோடா மிஞ்சாது. அதற்கு மேலும் எண்ணெயை மிச்சம் விட்டால் மாதக்கணக்கில் கட்டி சிக்குநாற்றம் அடித்து, மஞ்சள் புள்ளிகள் தோன்றும். சோடாவைப் போல் இருமடங்குக்குச் சற்று மேலான நீரில் அதைக் கரைக்க வேண்டும். நீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டுமே தவிர, சோடாவின்மேல் நீரை ஒருபோதும் ஊற்றலாகாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அலுமினியத்தை அரித்துத் தீப்பற்றும் வாயுவை எழுப்பும். நம் ஊர்களில் பொதுச் சமையலுக்கு வைத்திருக்கும் அண்டாக்கள் பெரும்பாலும் அலுமினியமே என்பதால் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எவர்சில்வர் பாத்திரம் நன்று. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இன்றி எவரையும் அருகே விடக்கூடாது.

கரைசல் கைபொறுக்கும் சூடாக ஆறியபின் அதேயளவு சூடுள்ள எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கிளறவேண்டும். தோசைமாவின் பக்குவம் வந்ததும் அச்சில் ஊற்றி, சாக்கால் மூடி, மறுநாள் அல்லது அதற்கு அடுத்த நாள் வெட்டலாம். பிறகு நான்கு வாரமேனும் காற்றாடும் பரணில் அடுக்கி வைக்க வேண்டும். விற்பனை அவசரத்தில் இந்நான்கு வாரத்தைத் திருடுவோர் பலர். சோடாவின் வேலை பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே முடிந்துவிடுமாயினும், ஈரம் வற்றிக் கட்டி இறுகுவதற்கு இக்காலம் இன்றியமையாதது. ஈரக்கட்டி குளியலறையில் ஒரு வாரத்தில் கரைந்துபோனால் வாங்கியவர் மறுமுறை வாரார்.

சோடா தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் இருபது நிமிடமேனும் கழுவ வேண்டும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ தேய்த்துக்கொண்டிருக்கலாகாது. குழந்தை வாயிலிட்டுவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வெண்ணிறச் சோடாத் துணுக்குகள் குழந்தையின் கண்ணுக்குக் கற்கண்டாகத் தோன்றும். "இரசாயனம் கலவாத" தொழில் நடக்கும் வீட்டில் சோடாப் பெட்டிக்குப் பூட்டு எதற்கு என்று பெரியவர்களுக்கே தோன்றிவிடுவதுதான் அச்சொற்றொடரின் மிகப் பெரிய கேடு.

பள்ளிகளில் மஞ்சள்கறைத் துணியைச் சோப்பில் நனைத்துச் சிவப்பதைக் காட்டி, "பார், இதில் காரம் இருக்கிறது, நம் இயற்கைச் சோப்பில் இராது" என்று கூறும் வழக்கம் உண்டு. நம் சோப்பிலும் சிவக்கும். நீரில் கரைந்த எந்தச் சோப்பும் சிறிது காரத்தன்மை உடையதே, அது குற்றமன்று. மிஞ்சிய சோடா உண்டா என்பதைக் காண, சாராயத்தில் கரைத்த பினால்ப்தலீன் ஒரு துளியைப் புதிதாக வெட்டிய உலர்ந்த முகத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். உடனே அழுத்தமான செந்நிறம் எழுமாயின் அக்கட்டியை விற்பனைக்கு அனுப்பலாகாது.

நீரைப் பற்றியும் ஒரு சொல். முசி ஆற்றின் 1908-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப்பின் ஹைதராபாத்துக்கு அழைக்கப்பட்டுத் தடுப்புத் திட்டம் வகுத்தவர் விசுவேசுவரையா. அதன் பயனாக எழுந்த உஸ்மான் சாகர் 1920-இல் நிறைவெய்தியது. கண்டிப்பேட்டைத் தண்ணீர் என்று நகரத்தார் இன்றும் அதன் சுவையைப் பாராட்டுவர். அவரே மைசூரில் திவானாக இருந்தபோது, 1916-இல் பெங்களூரில் அரசாங்கச் சோப்புத் தொழிற்சாலை தோன்றியது. நல்ல நீரும் நல்ல சோப்பும் ஒருவர் கையாலேயே இரு நகரங்களுக்கு வாய்த்தன எனலாம். ஏரிநீரில் நுரைக்கும் சோப்பு, நகருக்கு வெளியே கருங்கல் பாறையைத் துளைத்தெடுத்த ஆழ்குழாய் நீரில் நுரைக்காமல் வெள்ளை ஆடையாகத் திரிந்துவிடுவதைக் காணலாம். அந்நீரிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் சோப்பைப் பிடித்துக்கொள்கின்றன. நுரை போதவில்லை என்று குழுவினர் சோடாவைக் கூட்டுவது உண்டு. குறை சோப்பில் இல்லை, நீரில் இருக்கிறது. மழைநீர் ஒரு குடுவையிலும் ஆழ்குழாய் நீர் ஒரு குடுவையிலும் வைத்துக் குலுக்கிக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் உணரும். சோடாவைக் கரைப்பதற்கும் மழைநீரே ஏற்றது.

இனி, பயன்களைப் பற்றி. தாவர எண்ணெய்ச் சோப்பு என்பது கைத்தொழிலுக்கு மட்டும் உரிய பெயரன்று. கோழிக்கோட்டில் 1914-இல் தொடங்கிய சோப்பு நிலையம், எர்ணாகுளத்தருகே டாட்டாபுரத்தில் 1917-இல் எழுந்த எண்ணெய் ஆலை ஆகியவை தாவர எண்ணெயை நம்பியே வளர்ந்தன. இன்று பேராலைகள் பெரும்பாலும் பனையெண்ணெய்க் கொழுப்பைக் காய்ச்சுகின்றன, அதுவும் தாவரமே. இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல்தரக் குளியல் சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் 76 சதவீதமாவது இருக்க வேண்டும். கிளிசரின் உள்ளே தங்கும் கைச் சோப்பு அவ்வளவை எட்டுவது எளிதன்று. ஆகவே ஆலைச் சோப்பெல்லாம் நஞ்சு, நம் சோப்பே அமுதம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது விஞ்ஞானமாகாது.

வேம்பின் மருத்துவ குணத்தைப் பற்றியும் அடக்கமாகப் பேசுவதே நலம். சலீமுஸ்ஸமான் சித்தீக்கி 1942-இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தது நம் நாட்டு இரசாயன வரலாற்றில் ஒரு சிறந்த நிகழ்ச்சி. ஆனால் எண்ணெயில் இருப்பதெல்லாம் சோப்பிலும் இருக்கும் என்பதில்லை. வேம்பின் பூச்சிகொல்லிப் பொருளாகிய அசாடிராக்டின் காரத்தில் நிலைப்பதில்லை. எஞ்சியதும் ஒரு நிமிடத்தில் நீரோடு போய்விடுகிறது. கிருமிநாசினி சேர்த்த சோப்புகள் சாதாரணச் சோப்பினும் மேலானவை என்பதற்குச் சான்றில்லை எனக் கண்டு, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைக் கழுவு சோப்புகளில் விலக்கியது. அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் கிருமியையும் சேர்த்து நீரோடு இழுத்துச் செல்வதே சோப்பின் பெருமருந்து. சாப்பிடுமுன்னும் கழிப்பிடம் சென்று வந்த பின்னும் கைகழுவும் பிள்ளைக்கு, அது வேம்பாயினும் புங்காயினும் ஒன்றே. சொறி, படை தீரும் என்று உறையில் அச்சிடுவது தவறு. சட்டப்படியும் தொல்லை. மருந்துகள், அழகுப் பொருள்கள் பற்றிய 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலில் சோப்புக்கு விலக்கு இருந்தது. 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. விற்பனைக்கென்று குளியல் சோப்புச் செய்ய 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெறவேண்டும். பயிற்சி முகாம்களில் இதனையும் சொல்லியாக வேண்டும்.

அப்படியாயின் வேப்பெண்ணெயை ஏன் வற்புறுத்துகிறேன்? அதனை நாம் உண்பதில்லை என்பதே காரணம். சமையலெண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு நம் நாடு. அந்நாட்டில் உண்ணும் எண்ணெயை உடம்பில் தேய்த்துக் கழுவுவதை இயற்கை வாழ்வு என்பது எனக்கு ஒப்பவில்லை. கதர், கிராமத் தொழில் ஆணைக்குழு 1957-இல் அமைந்த நாள்தொட்டு உண்ணா எண்ணெய்ச் சோப்பை ஊக்குவித்து வந்ததற்கும் அடிப்படை இதுவே. ஆனி, ஆடியில் சாலையோரமெங்கும் வேப்பம்பழம் உதிர்ந்து மழையில் அழுகுகிறது. உதிர்ந்த அன்றே பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்தினால் எண்ணெய் தெளிவாக வரும். அழுகவிட்டு எடுத்தால் எண்ணெயிலேயே அமிலம் பெருகி, நிறமும் நாற்றமும் ஏறிக் கணக்கையும் கெடுக்கும். புங்கும் அவ்வாறே. இலுப்பையைச் சொல்லும்போது மட்டும் எனக்குத் தயக்கம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் ஏளனமாகச் சொன்னாலும், நடு இந்தியக் காடுகளில் வாழும் பழங்குடியினர் அதன் எண்ணெயைச் சமையலுக்கும் கொள்கின்றனர். அவர்களுக்குப் போக மிஞ்சியதையே கேட்க வேண்டும்.

மேலே கூறிய சிற்றூருக்கு மீண்டும் ஒருமுறை போயிருந்தேன். விற்காமல் இருந்த கட்டிகளைத் துருவி, நீர்விட்டு உருக்கி, பத்துக் கிலோ எண்ணெய்க்கு மூன்றரைக் கிலோ வீதம் புதிய வேப்பெண்ணெய் சேர்த்துக் காய்ச்சியதில் சரக்குப் பாழாகவில்லை. தலைவியின் விரல்கள் ஆறியிருந்தன. அருகிலுள்ள கல்லூரி ஒன்றிலிருந்து வந்த சீட்டு சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. கிராமம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றும் வாங்கியிருந்தனர். அச்சடித்த பழைய உறைகள் ஏறக்குறைய ஆயிரம் எஞ்சிவிட்டன என்று அவர் குறைப்பட்டார். அவற்றைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நாளும் எண்ணெயின் எடையும் சோடாவின் எடையும் எழுதி நூலில் கோத்து வைத்திருந்தார். அன்று வரை பதினொரு உறைகள் சேர்ந்திருந்தன.